மெரித்நெபுவின் தாய்மொழி

கால் காப்புகளில் பூட்டுவாய் இல்லை. அதை முதலில் கவனித்தவள் நஃபீசா.

ஸ்கேன் திரையில் மெரித்நெபு என்ற மம்மி மல்லாந்து கிடந்தாள். துணிச் சுற்றுகளைக் கணினி ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போக, உள்ளேயிருந்து பொன் வெளிப்பட்டது. விரல் நுனிகளுக்குப் பொன்னுறைகள். மார்பை மூடி, நீலக்கல்லும் செம்மணியும் கோத்த அகன்ற கழுத்தணி. இதயத்தின் மேல் பச்சைக் கல்லில் செதுக்கிய வண்டு. இடுப்புக்குக் கீழே ஓடிய பொற்பட்டையில் எழுத்துகள் இருந்தன: அரசனின் மனைவி, பொன்னுக்குப் பிரியமானவள். மூவாயிரம் வருடத்துக்கு மேல் யாரும் அவிழ்க்காத துணியை இவர்களும் அவிழ்க்கவில்லை. அவிழ்க்காமலேயே எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது.

“மர்வா, இந்தக் காப்பை எப்படிப் போட்டிருப்பாங்க?” என்று நஃபீசா அரபியில் கேட்டாள். காயல்பட்டினத்தில் சிறுவயதில் ஓதிப் படித்த அரபி. கெய்ரோவில் நரம்பியல் டாக்டராகப் பல வருடம் வேலை பார்த்ததில் அது பேச்சு அரபியாகிவிட்டிருந்தது.

மர்வா பழைய மொழிகளும் அரச நகைகளும் படித்தவள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தாள். “கழற்றி மாட்டுற நகை இல்லை இது. காலில் வைத்தே ரெண்டு முனையையும் அடித்து ஒட்டியிருக்காங்க.”

“எலும்பைப் பாரு” என்றாள் நஃபீசா.

காப்பு இருந்த இடத்தில் மட்டும் எலும்பு ஒடுங்கி, அதற்கு மேலும் கீழும் புடைத்திருந்தது. கம்பி கட்டிய வேலிமரம் கம்பியை விழுங்கிக்கொண்டு பெருப்பதுபோல.

“சின்னப் பிள்ளையில போட்டிருக்காங்க. வளர வளரக் கழற்றவே இல்லை. இவள் இருபது வயசு தாண்டி வாழ்ந்திருக்கா. அவ்வளவு காலமும் இது இறுக்கிக்கிட்டே இருந்திருக்கு.”

“அரச குடும்பத்து வழக்கமாக இருக்கும்” என்றார் பின்னால் நின்ற லாம்பெர்ட். வெஸ்ட்ரிக் அறக்கட்டளையின் தலைவர். லுக்ஸருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் கரும்பு வயல்களுக்கு நடுவே நின்ற அந்த ஆய்வுக்கூடம் அவருடையது. யாரிடமும் குரலை உயர்த்தாத மனிதர். “வேறு காயம் ஏதாவது?”

“இல்லை. முறிவு இல்லை, வெட்டு இல்லை. காய்ச்சலில் போயிருக்கலாம்.”

“மூளை?”

நஃபீசா படத்தை மேலே நகர்த்தினாள். வழக்கமாக மூளையை மூக்கு வழியே எடுத்து எறிந்துவிடுவார்கள். இவளுக்கு எடுக்கவில்லை. மண்டையோட்டுக்குள் அது சுருங்கி, காய்ந்து, அசையாமல் இருந்தது.

“இருக்கு” என்றாள்.

“நல்லது. இந்த வாரமே ஏந்தியை உட்கார வைத்துவிடலாம்” என்றார் லாம்பெர்ட்.

*

ஏந்தி என்பது ஜெபக்கனி; செத்தவர்களின் சாவைத் தன் மூளையில் ஏந்திச் சொல்கிறவள். சாயர்புரத்துப் பெண், முப்பத்து மூன்று வயது. விருந்தினர் விடுதியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே தினமும் விடியற்காலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிய பலூன்கள் வானத்தில் எழும்பும். பலூனுக்குள் தீயை ஊதும் சத்தம் கரும்பு வயல் முழுக்கக் கேட்கும். ஒவ்வொரு ஊதலுக்கும் ஜெபக்கனி இரண்டு கைகளாலும் முகத்தை மறைத்துக்கொள்வாள்.

மர்வா அதற்கு முன் எந்த ஏந்தியையும் பார்த்ததில்லை. “சாவை எப்படிச் சுமக்கிறார்கள்?” என்று நஃபீசாவிடம் கேட்டாள்.

“உயிர் போற நேரத்தில் மூளை தனக்குப் பட்டதையெல்லாம் அழுத்திப் பதிச்சுக்குது, தழும்பு மாதிரி. உடம்பு அழுகாம காய்ஞ்சுட்டாலோ, சீக்கிரமே குளிரில் வச்சுட்டாலோ அந்தத் தழும்பு நிக்கும். நம்ம கருவி அதைத் தடவிப் பார்க்கும். ஆனா அதுக்கு அர்த்தம் தெரியாது. உயிரோட இருக்கிற இன்னொரு மூளையில அதே தழும்பைப் போட்டாத்தான், என்ன நடந்ததுன்னு ஒரு வாய் சொல்ல முடியும்.”

“போட்ட தழும்பு பிறகு போயிடுமா?”

“போகாது.”

மர்வா ஜெபக்கனியை இன்னொரு முறை பார்த்தாள்.

கொலை வழக்குகளுக்காக ஜெபக்கனி மூன்று சாவை ஏந்தியிருந்தாள். முதலாவது, தோணியில் தலையில் அடிபட்டுக் கடலில் விழுந்த ஒருவர். இரண்டாவது, தலையணையால் அமுக்கப்பட்ட ஒரு கிழவர். அந்த இரண்டையும் அவளால் தாங்க முடிந்தது. மூன்றாவது, புருஷன் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திய ஒரு பெண். ஜெபக்கனி சொன்ன சாட்சியால் அவனுக்குத் தண்டனை கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து ஜெபக்கனி அடுப்படிக்குள் போகவில்லை. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. எரிந்த பெண் கடைசியாகப் பார்த்தது, வாசல்படியில் நின்ற தன் மகளை. ஜெபக்கனிக்கும் ஒரு மகள் இருந்தாள். கெசியா, ஏழு வயது. பிள்ளை வாசலில் வந்து நின்றாலே ஜெபக்கனி அலறிவிடுவாள். ஒருநாள் அலறிய அலறலில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அதன்பிறகு கெசியா தூத்துக்குடியில் அத்தை வீட்டில் வளர்ந்தாள். தகப்பன் சாமுவேல்துரை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்து, பெண்டாட்டிக்குச் சோறு பொங்கிப்போட்டான்.

“புதுசா ஆழமா ஒண்ணு பதிஞ்சா, பழசு அழிஞ்சுரும்னு இந்த லாம்பெர்ட் துரை சொன்னாரு” என்றாள் ஜெபக்கனி. “அதுக்குத்தான்க்கா வந்தேன்.”

“அழியலாம். அழியாமலும் போகலாம். அவருக்கே தெரியாது, எனக்கும் தெரியாது.” நஃபீசா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “காயம் ஒண்ணும் இல்லைதான். ஆனா அந்தக் காலு எனக்குச் சரியாப் படலை ஜெபக்கனி. அது நகை இல்லை. விலங்கு. இவளுக்குள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.”

“காலுதானக்கா? தீ இல்லல்லா?”

“தீ இல்லை.”

“அப்பம் போதும்.”

*

ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் மம்மி, இந்தப் பக்கம் ஜெபக்கனி. தலையில் கிண்ணம்போல ஒரு கவசம். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. நடுவில் அவள் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. உதடு மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது, தொழுகையில் ஓதுகிறவர்களுக்கு அசைவதுபோல.

கண் விழித்ததும் குனிந்து தன் கணுக்கால்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஏதோ சொன்னாள். இரண்டு மூன்று சொற்கள். நஃபீசா மர்வாவைப் பார்த்தாள்.

“எகிப்து மொழி இல்லை இது” என்றாள் மர்வா. “எனக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை.”

ஜெபக்கனி நஃபீசாவைப் பார்த்தாள். முகம் மெல்ல மாறியது.

“யக்கா... மண்ணெண்ணெய் வாடை இல்லக்கா.”

மறுநாள் விடியலில் அவள் வெளியே நின்று பலூன்களைப் பார்த்தாள். தீ ஊதும்போதெல்லாம் சின்னப் பிள்ளைபோலக் கையைத் தட்டினாள். சமையலறைக்குப் போய்த் தானே அடுப்பைப் பற்றவைத்து, கடுங்காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். போனில் கெசியாவைக் கூப்பிட்டு, திரையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாமுவேல்துரை அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

லாம்பெர்ட் தினமும் ஒரு மணி நேரம் கேட்டார். ஜெபக்கனி சொன்னாள். நஃபீசா தமிழிலிருந்து அரபிக்குக் கொண்டுவர, மர்வா எழுதிக்கொண்டாள்.

“மலைக்காரப் பிள்ளைக்கா அவ. பனி விழுற ஊரு. ரெண்டு ராசாவுக்கும் சண்டை. சண்டைய நிப்பாட்ட இவள அனுப்பிட்டாவ. ஆறேழு வயசு இருக்கும். வந்த ஆளுவ மெதுவாத்தான் பேசுனாவ, தலையத் தடவிக் குடுத்தாவ. அதுக்கப்புறம் காலுல இத மாட்டி அடிச்சிட்டாவ. வேற பேரு வச்சாவ.”

“அவள் பெயர் என்ன? உண்மையான பெயர்?” என்று கேட்டாள் மர்வா.

ஜெபக்கனி சொன்னாள். மர்வாவுக்கு அதை எழுத எழுத்து கிடைக்கவில்லை.

“எப்படிச் செத்துப்போனா?” என்று நஃபீசா கேட்டாள்.



“தாகத்துலக்கா. காய்ச்சலு. நாக்கு மேல ஒட்டிக்கிட்டு. இந்த ஊருப் பாஷை அவளுக்கு நல்லாத் தெரியும், ஆனா காய்ச்சல்ல அது மறந்துபோச்சு. அம்மா குடுத்த பாஷைதான் நின்னுச்சு. ஷிவு, ஷிவுன்னு கேக்கா. தண்ணியத்தான் கேக்கா. சுத்தி இத்தன பொம்பளையளு நிக்கிதாவ, ஒருத்திக்கும் விளங்கல. சபிக்கான்னு நெனச்சுத் தள்ளிப் போயிட்டாவ. பானை அந்த ரூம்லயேதான் இருக்கு. அவ கண்ணுக்குத் தெரியிது. அப்பம் அவ என்ன பண்ணுனா தெரியுமா? கேக்கத நிப்பாட்டிட்டா. தன் பாஷையில உள்ள ஒவ்வொரு வார்த்தையா சொல்ல ஆரம்பிச்சா. மலை, ஆடு, கம்பளி, சித்தப்பன், உப்பு. ஒண்ணையும் விட்டுரக் கூடாதுன்னு. சொல்லிக்கிட்டே இருந்தா. சொல்லிக்கிட்டே போயிட்டா.”

மர்வா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள்.

லாம்பெர்ட் ஆங்கிலத்தில், மிகவும் அமைதியாக, “அப்படியானால் முழு மொழியும் இருக்கிறது” என்றார்.

*

முதலில் போனது ‘உப்பு’ என்ற சொல். சாப்பிடும்போது ஜெபக்கனி கையை நீட்டி, “அந்த... அந்த வெள்ளை...” என்று திணறினாள். பிறகு சிரித்தாள். “மண்டைக்குள்ள ஏதோ கலைஞ்சு கெடக்கு.”

அடுத்த வாரம் ‘ஜன்னல்’ போனது. ‘நாளைக்கு’ போனது. சபையில் சிறுவயதிலிருந்து பாடிய பாட்டு ராகத்தோடு வந்தது, சொல் இல்லாமல். மர்வா அந்த மலை மொழிக்கு எழுதிவந்த அகராதி பெருத்துக்கொண்டே வந்தது. ஜெபக்கனியைக் கேட்காமல் யாரும் ஒரு சொல்லையும் சேர்க்க முடியாது. அவளோ அந்த மொழியைப் பேசப் பேசத் தமிழை இழந்துகொண்டிருந்தாள்.

ஒரு மாலையில் போனில் கெசியா ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது. ஜெபக்கனி பாதியில் போனை நஃபீசாவிடம் நீட்டினாள். முகம் வெளிறியிருந்தது.

“யக்கா, பிள்ளை என்ன சொல்லுது?”

நஃபீசா அன்றே லாம்பெர்ட்டின் அறைக்குப் போனாள்.

“இன்றோடு நிறுத்துங்கள். அந்தத் தழும்பு மொழி இருக்கிற இடத்தில் விழுந்திருக்கிறது. பேசப் பேச ஆழமாகும். அவளை ஊருக்கு அனுப்பினால், தன் மொழியைக் கேட்டுக்கொண்டே இருந்தால், மிச்சமாவது நிற்கும்.”

“உங்கள் வருத்தம் புரிகிறது டாக்டர்.” லாம்பெர்ட் எழுந்து அவளுக்குத் தேநீர் ஊற்றினார். “ஆனால் அவரை அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. மம்மியிலிருந்து எடுத்த எதுவும் இந்த மண்ணைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது சட்டம்.”

“அந்தச் சட்டம் நகைக்கும் சிலைக்கும் போட்டது.”

“மம்மியிலிருந்து எடுத்த எதற்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.”

“அவள் மனுஷி!”

“மனுஷியை யாரும் தடுக்கவில்லையே. அவர் தலைக்குள் இருக்கிறதைத்தான் தடுக்கிறோம்.”

நஃபீசா தேநீரைத் தொடவில்லை. மறுநாள் தானே டிக்கெட் எடுத்து ஜெபக்கனியை விமான நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அறக்கட்டளையின் வக்கீல்கள் முந்திக்கொண்டு வழக்குப் போட்டிருந்தார்கள். வழக்கு முடியும்வரை ஏந்தி நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்று தடையுத்தரவு காத்திருந்தது. அதிகாரி ஜெபக்கனியிடம் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அவள் நஃபீசாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அதிகாரியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது படகில் அவள் தமிழில் பேசினாள். “எனக்குத் தெரிஞ்ச ஆளுவதான்க்கா இவொ. இப்பிடித்தான் மெதுவாப் பேசுவாவ.”

அதுதான் நஃபீசா அவளிடமிருந்து கேட்ட கடைசி முழுத் தமிழ்ப் பேச்சு.

*

சாமுவேல்துரை கெசியாவோடு வந்து இறங்கியபோது ஜெபக்கனிக்கு ஒன்றிரண்டு தமிழ்ச் சொற்களே மிஞ்சியிருந்தன. அவன் அவள் எதிரே உட்கார்ந்து, வழிநெடுக யோசித்து வைத்திருந்ததையெல்லாம் பேசினான். அவள் அவன் கன்னத்தைத் தடவினாள், அழுதாள், அந்த மொழியில் ஏதோ சொன்னாள். அவன் யாரென்று அவளுக்குத் தெரிந்தது. அவன் சொல்வதுதான் தெரியவில்லை.

“யக்கா, இவ என்ன சொல்லுதா?”

“தெரியலை தம்பி. மர்வாதான் சொல்லணும்.”

“என் பெண்டாட்டி சொல்லுதத எனக்கு அடுத்தவொ சொல்லணுமா?”

கெசியா வாசலில் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள். அலறவில்லை. கைகளை விரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பிள்ளை அம்மாவின் மடியில் போய் உட்கார்ந்தது.

பெரியவர்களுக்கு வராத அந்த மொழி பிள்ளைக்கு வந்தது. முதலில் விரலைக் காட்டிக் கேட்டது. பிறகு விரல் தேவைப்படவில்லை. குளிர்காலம் முடிவதற்குள் அம்மாவும் மகளும் தோட்டத்து எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார்கள். பேசிக்கொண்டே ஜெபக்கனி பிள்ளைக்குத் தலை பின்னினாள். நடுநடுவே இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். என்ன சிரிப்பு என்று சாமுவேல்துரை கேட்டால் கெசியா, “உங்களுக்குச் சொன்னா வெளங்காதுப்பா, அதத் தமிழ்ல சொன்னா சிரிப்பே வராது” என்றது. அவனும் சிரித்துவிட்டு எழுந்து போவான். அந்தக் குடும்பம் பல வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. நஃபீசாவுக்கே சில நாள் அது போதும் என்று தோன்றியது.

ஒருநாள் லாம்பெர்ட் மரத்தடியில் வந்து நின்றார். கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்து கெசியாவின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

“கெட்டிக்காரப் பிள்ளை” என்றார் நஃபீசாவிடம். “இங்கே நல்ல பள்ளிக்கூடம் ஒன்று ஏற்பாடு செய்கிறோம்.”

“அவள் லீவுக்கு வந்திருக்கிறாள். ஊருக்குப் போய்விடுவாள்.”

“பார்க்கலாம். ஒரே ஒரு ஆளிடம் ஒரு மொழி இருப்பது ஆபத்தில்லையா? அவருக்கு நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?”

“பிள்ளை சும்மா சத்தத்தைத் திருப்பிச் சொல்லுது. அதற்கு எதுவும் தெரியாது.”

“அதையும் முறைப்படி பார்த்துவிடுவோம்” என்றார் லாம்பெர்ட். “தெரியாது என்றால் தாராளமாகப் போகட்டும்.”

அவர் போன பிறகு நஃபீசா எல்லாவற்றையும் சாமுவேல்துரையிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. இரண்டாவது தடவை சொன்னபோது தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“அப்பம் எம்பிள்ளையையும் பூட்டிருவாவளா?”

“அந்தப் பாஷை பிள்ளைக்குத் தெரியும்னு எழுதிட்டா, ஆமா.”

“பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டா இவ ஊமையால்லாக்கா போயிருவா? இவகூடப் பேச வேற யாரு இருக்கா?”

மர்வா பேசுவாள்தான். ஆனால் மர்வா ஒரு அகராதியை வைத்துக்கொண்டு பேசுகிறவள்.

சாயங்காலம் முழுக்க அவன் நைல் கரையில் உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து கெசியாவைத் தனியாகக் கூப்பிட்டான். நஃபீசாவும் கூட இருந்தாள்.

“பாப்பா, ஒரு ரூமுக்குள்ள ஒன்னையும் அம்மாவையும் உக்கார வைப்பாவ. அம்மா பேசுவா. ஒனக்கு வெளங்கும். ஆனா வெளங்காத மாதிரியே இருக்கணும். திரும்பக் கூடாது. சிரிக்கக் கூடாது. கேட்டா தெரியாதுன்னு சொல்லணும்.”

“அம்மாட்ட சொல்லிட்டுச் செய்யலாமாப்பா?”

“அம்மாட்ட சொல்லக் கூடாதும்மா. அவ முகத்துல தெரிஞ்சிரும்.”

“அம்மாவுக்கு அழுக வருமே?”

நஃபீசாதான் சொன்னாள்: “வரும்மா. இருந்தாலும் நீ திரும்பக் கூடாது.”

கெசியா தலையாட்டியது.

*

பெரிய அறை. ஒரு பக்கம் லாம்பெர்ட், அவருடைய வக்கீல், ஒரு ஒலிப்பதிவுக் கருவி. பக்கத்தில் மொழிபெயர்க்க மர்வா. ஜன்னலோரத்து நாற்காலியில் கெசியா, கால் தரையில் எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. நஃபீசாவும் சாமுவேல்துரையும் சுவரோரம் நின்றார்கள்.

ஜெபக்கனியை அழைத்து வந்தார்கள். அவள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். கெசியா ஜன்னலைப் பார்த்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. ஜெபக்கனி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கருவியை, வக்கீலை, லாம்பெர்ட்டின் இதமான முகத்தை, மடியில் கோத்து வைத்திருந்த அவர் கைகளை.

பிறகு பேசினாள். அவசரமில்லாமல், கதை சொல்கிற குரலில், நீளமாகப் பேசினாள். கெசியா ஜன்னலுக்கு வெளியே கரும்பு ஏற்றிப்போன வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்த கால் ஒரு கணம் நின்று, மறுபடி ஆடியது.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டார் லாம்பெர்ட்.

மர்வா கருவியைப் பார்த்தபடியே சொன்னாள்: “பக்கத்தில் வரச் சொல்கிறாள். தலை கலைந்திருக்கிறது, பின்னிவிடுகிறேன் என்கிறாள்.”

ஜெபக்கனி இன்னொரு முறை பேசினாள். இந்தமுறை ஒரே சொல். கூர்மையாக, கேள்வியாக.

கெசியா திரும்பவில்லை.

ஜெபக்கனி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிள்ளையிடம் கேளுங்கள்” என்றார் லாம்பெர்ட்.

“கெசியா, அம்மா சொன்னது உனக்கு விளங்குச்சா?” நஃபீசாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

“தெரியல” என்றது கெசியா.

லாம்பெர்ட் பிள்ளையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார். “போகட்டும்.”

படிக்கட்டில் நஃபீசா மர்வாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். “தலை பின்னுறதைப் பத்தி அவ பேசலை. எனக்கே ரெண்டு வார்த்தை தெரியும். அதில் அது வரலை.”

மர்வா மேலும் கீழும் பார்த்தாள். யாரும் இல்லை.

“‘இவர்கள் பிள்ளைகளைத் தொடும்போது மெதுவாகத்தான் தொடுவார்கள். என் பக்கம் திரும்பாதே. எனக்குப் பதில் சொல்லாதே. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடலைத் தாண்டிப் போ. போய் இந்தப் பேச்சு முழுவதையும் மறந்துவிடு.’ அதுதான் சொன்னாள்.”

“ரெண்டாவதாக் கேட்டது?”

“‘மறந்துட்டியா?’ன்னு கேட்டாள்.”

“ஒலிப்பதிவு இருக்கே மர்வா” என்றாள் நஃபீசா.

“இருக்கட்டும். அதை மொழிபெயர்க்க உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கேன்.”

*

லுக்ஸர் விமான நிலையத்தில் அன்று கூட்டம் அதிகம். நஃபீசா உள்ளே போகும் வாசல்வரை வந்தாள். அவள் ஊருக்குப் போகவில்லை. வழக்கு முடியும்வரை ஜெபக்கனியோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டாள். வழக்கு எப்போது முடியும் என்று அவளும் சொல்லவில்லை, சாமுவேல்துரையும் கேட்கவில்லை.

“அவளப் பாத்துக்கிடுங்கக்கா” என்றான். பையைத் தூக்கிக்கொண்டான்.

பிள்ளை வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. வரிசையில் நிற்கும்போது அவன் குனிந்து, அதன் முகத்துக்கு நேரே வந்தான். இப்போது பயமில்லை, பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு நாளாக அவனைக் குடைந்துகொண்டிருந்த ஒன்றை மெல்லக் கேட்டான்.

“பாப்பா, அன்னைக்கு அந்த ரூம்ல அம்மா ஒங்கிட்ட என்னம்மா சொன்னா?”

கெசியா அவனை நிமிர்ந்து பார்த்தது. கண் அசையவில்லை.

“எனக்கு அந்தப் பாஷை தெரியாதுப்பா” என்றது.